லண்டனில் கற்றதும் ராய்ப்பூரில் உதறியதும்

நாடகக்காரர்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால் பத்து நிமிடத்துக்குள் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் பேச்சில் வந்துவிடுவார். அவர் பின்னாலேயே நம் நாட்டு நாடக இயக்குநர் ஹபீப் தன்வீரும் வருவார். "பிரெக்டை நம்ம நாட்டுக் கூத்தோட சேர்த்தவர் அவர்தானே" என்று ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பேச்சு அடுத்த டீக்கு நகர்ந்துவிடும். இப்படிப்பட்ட பேச்சுகளில் நானும் நிறையவே உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு வரி மட்டும் எனக்கு ஒட்டவே ஒட்டாது.

தன்வீர் 1954இல் ஆக்ரா பஜாரில் தொடங்கி 2006இல் ராஜ்ரக்த் வரை நாடகம் போட்டவர். 1956இல் பெர்லினுக்கே போய் எட்டு மாதம்போலத் தங்கி, பிரெக்டின் குழு நடத்திய நாடகங்களைப் பார்த்தவர். அப்படிப்பட்டவர் தன் சத்தீஸ்கர் நடிகர்களை வைத்து ஒரு பிரெக்ட் நாடகத்தைத் தழுவியது 1978இல். இடையில் இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. ஷேக்ஸ்பியருக்கு வந்தது 1993இல். அப்போது அவருக்கு எழுபது வயது. லண்டனில் நாடகம் படித்துவிட்டு வந்த ஒருவர் அந்தப் பக்கம் திரும்ப ஏன் இத்தனை காலம் எடுத்துக்கொண்டார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய மொத்த நாடக வாழ்க்கையும் வேறு மாதிரி தெரிகிறது.

பிறந்தது 1923 செப்டம்பர் 1, ராய்ப்பூரில். நாக்பூரில் பட்டப்படிப்பு, அலிகரில் முதுகலையைத் தொடங்கிப் பாதியில் விட்டது, 1945இல் பம்பாய், வானொலி வேலை, சினிமாவில் கொஞ்சம் நடிப்பு, கொஞ்சம் எழுத்து. இப்டா என்ற இந்திய மக்கள் நாடக மன்றத்தில் சேர்ந்ததும் அங்கேதான். அந்தத் தலைமுறையில் நாடகத்துக்கு வந்த பாதிப்பேருக்கு வரலாறு இப்படித்தான் இருக்கும், அதனால் இங்கே நிற்க வேண்டாம்.

நிற்க வேண்டியது 1954இல். டெல்லிக்கு வந்தவர் பதினெட்டாம் நூற்றாண்டு உருதுக் கவிஞர் நஸீர் அக்பராபாதியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி தயாரிக்கிறார். கவிஞரைப் பற்றிய நாடகம் என்றால் நாமெல்லாம் என்ன செய்வோம்? கவிஞருக்கு ஒரு ஜிப்பா மாட்டி நடுமேடையில் உட்கார வைப்போம். தன்வீர் கவிஞரை மேடைக்கே கொண்டுவரவில்லை. ஒரு சந்தையைப் போட்டார். வெள்ளரிக்காய் விற்கிறவனுக்கு வியாபாரம் ஆகவில்லை. தன் வெள்ளரிக்காயைப் பற்றி யாராவது ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தால் விற்றுவிடலாம் என்று அவனுக்கு நம்பிக்கை. மதிப்புள்ள கவிஞர்கள் எல்லாம் விரட்டிவிடுகிறார்கள். நஸீர் எழுதிக் கொடுக்கிறார். அவ்வளவுதான் கதை. ஜாமியா மில்லியா மாணவர்களும் பக்கத்து ஓக்லா கிராமத்து ஆட்களும் சேர்ந்து நடித்தார்கள். நிஜக் கழுதை ஒன்றும் மேடை ஏறியது. கற்றவர்களின் அரங்குக்குள் தெரு நுழைந்த நாடகம் அது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தன்வீர் ஐரோப்பாவுக்குப் போனது இதற்குப் பிறகு. அங்கே போய்த்தான் மக்கள் கலையைக் கண்டுகொண்டார், பிரெக்டைப் பார்த்துத்தான் பாட்டும் கதையும் கலந்த நாடகத்துக்கு வந்தார் என்று சொல்கிறவர்கள் தேதியைப் பார்ப்பதில்லை.

1955இல் லண்டன். ராடா என்ற பேர் பெற்ற நடிப்புப் பள்ளியில் சேர்கிறார். உச்சரிப்பு, குரல், நடை, வாள்வீச்சு எல்லாம் உண்டு. அங்கே அவருக்குப் புரிந்தது ஒன்று: இங்கிலீஷில் வசனம் பேசும்போது தோள் வேறு மாதிரி நிற்கிறது, கை வேறு மாதிரி எழுகிறது, மூச்சு வேறு இடத்தில் நிற்கிறது. ஊருக்குத் திரும்பிப் போய் இங்கிலீஷில் நடிக்கப் போவதில்லை என்று தெரிந்த ஒருவர் இந்த உடம்பைப் பழக்கிக்கொண்டு என்ன செய்வார்? படிப்பை முடிக்காமலே ராடாவை விட்டு விலகி, நாடகத் தயாரிப்பு கற்றுக்கொள்ள பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளிக்குப் போனார். அங்கே டங்கன் ராஸ் என்ற ஆசிரியரிடம் கற்ற ஒரு பாடத்தைக் கடைசிவரை நினைவுகூர்ந்து வந்தார். இயக்குநரின் வேலை கதை சொல்வது. கதைக்குக் குறுக்கே நிற்பது எத்தனை அழகாக இருந்தாலும் வெட்டிவிட வேண்டும். இந்தப் பாடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலிருந்து அவர் கொண்டுவந்த சரக்கில் கடைசிவரை செல்லுபடியானது இதுதான் என்பது என் கணிப்பு.

பிறகு ஐரோப்பா முழுக்கச் சுற்றல். கையில் காசு கிடையாது. பிரான்ஸில் திராட்சைத் தோட்டத்தில் பழம் பறித்திருக்கிறார். பெர்லின் போய்ச் சேர்ந்தபோது பிரெக்ட் இல்லை; 1956 ஆகஸ்ட் 14இல் இறந்துவிட்டார். பார்க்கப் போன மனிதர் போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆனால் பிரெக்ட் இயக்கி வைத்துவிட்டுப் போன நாடகங்கள் அங்கே நடந்துகொண்டிருந்தன. பிரெக்டின் மனைவி ஹெலனே வைகல் நடித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து ஒன்றொன்றாகப் பார்த்தார்.

1958இல் இந்தியா. டெல்லிக்கு வருவதற்கு முன் ராய்ப்பூரில் வீட்டுக்குப் போகிறார். தான் படித்த உயர்நிலைப் பள்ளியின் மைதானத்தில் அன்றிரவு நாச்சா நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்கிறார். நாச்சா என்பது சத்தீஸ்கரின் கூத்து. ராத்திரி தொடங்கி விடியும்வரை போகும். மூன்று நாலு சின்ன நாடகங்கள், இடையிடையே ஆட்டம், பாட்டு. எழுதி வைத்த பிரதி எதுவும் இருக்காது. ஆண்களே பெண் வேடம் கட்டுவார்கள். அந்த வேடத்துக்குப் 'பரி' என்று பெயர். கோமாளிதான் பிரதான ஆள். மாமியார், மருமகள், பண்ணையார், பூசாரி, போலீஸ்காரர் என்று ஊரில் யாரையும் விடமாட்டார்கள். விடியும்வரை பார்த்த தன்வீர், ஆட்டம் முடிந்ததும் நடிகர்களிடம் போய் என்னோடு டெல்லிக்கு வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். ஆறு பேர் கிளம்பினார்கள்: தாகுர் ராம், மதன் லால், லாலு ராம், பாபு தாஸ், புல்வா ராம், ஜக்மோகன். இந்திய நவீன நாடகத்தில் இதைவிடப் பெரிய சம்பவம் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆறு பேரும் நடித்த முதல் நாடகம் மிட்டி கி காடி, அதாவது சூத்திரகரின் சமஸ்கிருத நாடகம் மிருச்சகடிகம். அடுத்த வருடம் மோனிகா மிஸ்ராவோடு சேர்ந்து நயா தியேட்டர் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். மோனிகாவும் நாடகம் கற்றவர், இயக்குநர். பின்னால் தன்வீரின் மனைவி. 2005இல் இறக்கும்வரை குழுவின் வரவு செலவிலிருந்து ஒத்திகை வரை அவர் கையில்தான் இருந்தது. தன்வீரைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நானும் அதையேதான் செய்கிறேன், பாருங்கள்.

இதற்கப்புறம் வரும் பதினைந்து வருடங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஏனென்றால் அந்த வருடங்களில் விஷயம் சரியாக வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைத் தன்வீரே பல இடங்களில் ஒளிக்காமல் பேசியிருக்கிறார். நாச்சா மைதானத்தில் பார்த்தபோது மின்னல் மாதிரி இருந்த ஆட்கள் ஒத்திகைக்கூடத்தில் மரமாகிப்போனார்கள். இங்கிருந்து குறுக்காக நட, அங்கே நில், இந்த வசனத்துக்கு வலதுபக்கம் திரும்பு என்று அவர் லண்டன் பாணியில் சொல்லச் சொல்ல, அவர்களுக்கு வலது எது இடது எது என்பதே குழம்பியது. தாகுர் ராம் மாதிரி ஒரு மகா நடிகரே விறைத்து நின்றார். கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். நாச்சாவில் ஜனங்கள் மூன்று பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள், சில நேரம் நாலு பக்கமும். எந்தப் பக்கம் சிரிப்பு எழுகிறதோ அந்தப் பக்கம் நடிகன் பாய்ந்து போய் அதே வசனத்தை இன்னும் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்து மறுபடி போடுவான். அவனுக்குத் திசை காட்டுவது சிரிப்பும் கைதட்டலும்தான். அவனிடம் போய் மேடையின் இடது முன்கோணம் என்றால்?

சென்னையில் ஒரு சின்னக் குழுவில் கொஞ்ச நாள் நான் நடித்தேன். அங்கே இயக்குநர் தரையில் கலர் டேப் ஒட்டி வைத்திருப்பார். எனக்குப் பச்சை. பச்சை டேப்பிலிருந்து கால் இறங்கினால் ஒத்திகை நின்றுவிடும். எங்கள் எல்லோருக்கும் டேப் பழகிப்போனது. நாங்கள் பஸ்ஸில் வந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்கள். குழுவில் பறையடிக்க வந்த ஒருவர் மட்டும் டேப்பைப் பார்த்து நடக்கும்போதெல்லாம் தாளத்தை விட்டுவிடுவார். தன்வீர் சொன்னதைப் படித்தபோது அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இன்னொரு சிக்கல் பேச்சு. டெல்லி சபைக்குப் புரிய வேண்டுமே என்று அவர்களை இந்தியில் பேச வைத்தார். அவர்கள் பேசி வளர்ந்தது சத்தீஸ்கரி. ராடாவில் தன் உடம்புக்கு என்ன நடந்தது என்று தெரிந்து வெளியேறியவர், அதே காரியத்தைத் தன் நடிகர்களுக்குச் செய்துகொண்டிருக்கிறோம் என்று உணர எழுபதுகள் வரை ஆனது! இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் விஷயம்தான் கடைசியில் கண்ணுக்குப் படும்.

1973இல் ராய்ப்பூரில் நாச்சா கலைஞர்களைப் பெரிய அளவில் கூட்டி ஒரு மாதம்போலப் பட்டறை நடத்தினார். அவர்களுக்கே தெரிந்த மூன்று குறுநாடகங்களை ஒரே கதையாகக் கோத்ததில் 'காவ் கா நாம் சசுரால், மோர் நாம் தாமாத்' பிறந்தது. முழுக்க சத்தீஸ்கரி. நடமாட்டத்தை நடிகர்களே பார்த்துக்கொண்டார்கள். வாயில் பைப்போடு எதிரே உட்கார்ந்து அவர் செய்தது பொறுக்குவதும் கோப்பதும் வெட்டுவதும்தான். இங்கேதான் பிரிஸ்டல் பாடம் வேலைக்கு வருகிறது. நாச்சா நடிகனை விட்டால் ஒரு நகைச்சுவையை அரைமணி நேரம் இழுப்பான். ராத்திரி முழுக்க நேரம் இருக்கிற மைதானத்தில் அது அழகு. இரண்டு மணி நேர நாடகத்தில் கதை செத்துவிடும். எதை ஓடவிடுவது, எங்கே பிடித்து இழுப்பது என்பதுதான் தன்வீரின் கைவேலை. அவர் நாட்டுப்புற நாடகம் போட்டவர் அல்ல. நாட்டுப்புற நடிகர்களை வைத்துத் தன்னுடைய நாடகத்தைப் போட்டவர். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

அவருடைய சரண்தாஸ் சோர் நாடகம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். விஜய்தான் தேத்தாவின் ராஜஸ்தானிக் கதை, உண்மை பேசும் திருடன், ராணியைக் கட்டிக்கொள்ள மறுத்துச் சாகிறான், 1975, ஷியாம் பெனகல் படமாகவும் எடுத்தார். 1982இல் எடின்பரோ விழாவில் ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருது வாங்கியது. இங்கிலீஷ் தெரியாத சத்தீஸ்கர் கிராமத்தார், ராடாவைப் பாதியில் விட்ட ஒருவரின் தலைமையில் பிரிட்டன் போய் சத்தீஸ்கரியில் நடித்துப் பரிசு வாங்கினார்கள். இந்த வெற்றிக் கதை ஏற்கெனவே நிறையப் பேசப்பட்டுவிட்டது, நான் அந்நிய நாடகங்களுக்கு வருகிறேன்.

பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியரில் தொடங்கலாம். காசு சேர்ந்துவிட்டதால் மேட்டுக்குடிக்காரனாகிவிட ஆசைப்பட்டு, பாட்டு வாத்தியார், நாட்டிய வாத்தியார், வாள்வீச்சு வாத்தியார் என்று வரிசையாக வைத்துக்கொண்டு ஏமாறும் வியாபாரியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தன்வீர் அதை ஒரு தடவை மிர்சா ஷோஹ்ரத் பேக் என்றும், இன்னொரு தடவை லாலா ஷோஹ்ரத் ராய் என்றும் போட்டிருக்கிறார். ஒரே நாடகத்தில் ஒரு முறை மிர்சா, ஒரு முறை லாலா. மிர்சா என்றாலே நவாபி வீடு, உருது, ஹூக்கா. லாலா என்றால் கடைவீதி, கணக்குப் புத்தகம். யார் நடிக்கப் போகிறார்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்பதை வைத்து நாடகத்தின் வீட்டையே மாற்றிவிடுகிறார்.

1978இல் வந்தது ஷாஜாப்பூர் கி சாந்திபாய். பிரெக்டின் செட்சுவான் நல்லவள் நாடகம், முதலில் 1943இல் சூரிக்கில் மேடையேறியது. உலகில் ஒரு நல்ல ஆளாவது இருக்கிறானா என்று பார்க்க மூன்று தெய்வங்கள் பூமிக்கு வருகின்றன. ராத்திரி தங்க இடம் கேட்டால் ஊரில் யாரும் கதவைத் திறப்பதில்லை. உடம்பை விற்றுப் பிழைக்கும் பெண் ஒருத்திதான் இடம் கொடுக்கிறாள். தெய்வங்கள் கொடுத்த பணத்தில் அவள் ஒரு புகையிலைக் கடை வைக்கிறாள். உடனே சொந்தம் பந்தம், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் கடைக்குள் வந்து படுத்துக்கொள்கிறார்கள். இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வராது. வேறு வழியில்லாமல் ஒரு கறாரான ஆண் உறவினனைக் கற்பனையில் உண்டாக்கி, அவன் வேடத்தில் தானே வந்து எல்லோரையும் விரட்டுகிறாள்.

இந்தக் கதையை ஒரு தமிழ்க் கிராமத்தில் சொல்லிப் பாருங்கள். யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. தெய்வம் மாறுவேடத்தில் வந்து சோதிப்பது நமக்குப் பழைய கதை. சிறுத்தொண்டர் வீட்டுக்கே வந்திருக்கிறது. சீனத்து செட்சுவானை ஷாஜாப்பூர் ஆக்குவதும் கஷ்டமில்லை, மத்தியப் பிரதேசத்தில் அது ஒரு சாதாரண ஊர். வேலை இருந்தது சாந்திபாயை யார் நடிப்பது என்பதில். ஃபிதா பாய் நடித்தார். மேடைப் படிப்பு எதுவும் இல்லாத, பாட்டிலிருந்தும் ஆட்டத்திலிருந்தும் வந்த நடிகை.

இதே நாடகத்தை நாலு வருடம் முன்னால் 1974இல் கல்கத்தாவில் அஜிதேஷ் பந்தோபாத்யாயின் நாந்திகார் குழு பாலோமானுஷ் என்று வங்காளியில் போட்டது. அங்கே அந்தப் பாத்திரத்தில் கேயா சக்ரவர்த்தி. ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், நாடகத்துக்காக அந்த வேலையை விட்டவர். 1977 மார்ச்சில் ஒரு சினிமாப் படப்பிடிப்பின்போது கங்கையில் மூழ்கி இறந்துபோனார். நாலு வருட இடைவெளியில் ஒரே வேடத்தை ஏற்ற இரண்டு பெண்கள்: ஒருவர் பிரெக்டை இங்கிலீஷில் படித்தே உள்ளே போயிருக்கக் கூடியவர், இன்னொருவருக்கு பிரெக்ட் யாரென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் இந்தியத் தழுவல்தான். 'அந்நிய நாடகத் தழுவல்' என்று நாம் ஒரே பெட்டியில் போடுவதற்குள் எத்தனை தூரம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கல்கத்தாக்காரர்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சம்பு மித்ரா 1958இல் நார்வே நாடகாசிரியர் இப்சனின் பொம்மை வீட்டைப் புதுல் கேலா என்று போட்டார், திருப்தி மித்ரா கதாநாயகி. பெயரும் உடையும் வங்காளியானதும் நாடகம் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அந்த மாதிரி வீடும், சம்பளம் வாங்கும் அந்த மாதிரிக் கணவனும் கல்கத்தாவில் ஏற்கெனவே இருந்தார்கள். சபையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களே அவர்கள்தான். தன்வீரின் நடிகர்களுக்கு அப்படி ஒரு வரவேற்பறை கிடையாது. அந்தக் குழுவை வைத்து அவர் இப்சனிடமோ ரஷ்ய நாடகாசிரியர் செகாவிடமோ போனதாக நான் பார்த்த வரை இல்லை. சந்தை, கோயில், பஞ்சாயத்து, தெய்வம், பிச்சைக்காரன், கூலிக்காரன், போலீஸ் இருக்கிற நாடகங்களாகப் பார்த்துத்தான் தொட்டார். தழுவலில் பாதி வேலை நாடகத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது. இருபத்திரண்டு வருடம் ஆனதற்கு என்னுடைய பதிலும் ஏறக்குறைய இதுதான். நடிகர்கள் அவர்கள் பேச்சில் அவர்கள் உடம்போடு நிற்கும்வரை அவர் காத்திருந்தார். அப்புறம்தான் எந்த ஊர் நாடகம் இவர்களுக்குப் பொருந்தும் என்று தேடினார்.

அதனால்தான் டீக்கடை வரி எனக்கு ஒட்டுவதில்லை. பிரெக்ட் சொன்னதெல்லாம் நம் கூத்தில் ஏற்கெனவே இருக்கிறது, பாட்டு இருக்கிறது, கட்டியங்காரன் கதையை நிறுத்திச் சபையோடு பேசுகிறான், ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்கிற வாதமும் எனக்குச் சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது. பெர்லின் குழுவில் ஒவ்வொரு அசைவும் படம்பிடித்துப் பதிவு செய்யப்பட்டது; மற்றவர்கள் அந்த மாதிரியைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று புத்தகமே போட்டார்கள். நாச்சாவில் நேற்று செய்தது இன்றைக்கு வராது. பிரெக்டின் நடிகர் சிரிப்பு எழுந்தால் நிறுத்தி யோசிக்க வைப்பார். நாச்சா நடிகன் அதை வளர்த்துவிட்டு அடுத்த சிரிப்புக்குப் போவான். வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே இரண்டும் எதிரெதிர் திசை. தன்வீர் இந்த வித்தியாசத்தை நன்றாகத் தெரிந்தவர். சாந்திபாயில் அவர் நடிகர்கள் பக்கம் சாய்ந்தார். அதற்கு ஒரு விலையும் உண்டு என்றே நினைக்கிறேன். பிரெக்ட் நாடகத்தின் முடிவில் தெய்வங்கள் கையை விரித்துவிட்டு மேகத்தில் ஏறிப் போய்விடுகின்றன. அவள் "காப்பாற்றுங்கள்" என்று கத்துகிறாள். அந்த இடத்தின் குளிர்ச்சியை மத்தளமும் ஹார்மோனியமும் சேர்ந்து பாடும் ஒரு குழுவுக்குள் கொண்டுவருவது லேசில்லை.

நம் பக்கத்தில் புரிசை கூத்துக்காரர்களும் பிரெக்டின் வெண்கட்டி வட்டத்தைத் தெருக்கூத்தாக ஆடியிருக்கிறார்கள். அங்கேயும் கேள்வி இதேதான்: அடவும் விருத்தமும் தங்கள் வழியில் போகும்போது வழக்கு மன்றக் காட்சியின் தர்க்கத்தை யார் பிடித்துக்கொள்வது? அதை எழுதுவதென்றால் இன்னொரு பதிவே வேண்டும்.

என்னைக் கேட்டால் தன்வீரின் அந்நிய நாடகங்களில் முதல் இடம் ஷேக்ஸ்பியருக்குத்தான். 1993, 'காம்தேவ் கா அப்னா பசந்த் ரிது கா சப்னா'. நடுவேனில் இரவுக் கனவு. கல்லூரியில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், காட்டில் வழிதவறி ஆளை மாற்றி ஆள் காதலிக்கும் இரண்டு ஜோடிகள்தான் அதன் நடுக்கதை. தன்வீர் அந்த நாலு பேரையும் தூக்கிவிட்டார்! காட்டுத் தேவதைகளையும், அரசர் கல்யாணத்தில் போடுவதற்காக ஒத்திகை பார்க்கும் கைத்தொழில்காரர்களையும் வைத்துக்கொண்டார். நெசவாளி, தச்சன், தையல்காரன், தட்டுமுட்டுப் பாத்திரம் சீர்செய்கிறவன் எல்லாம் சேர்ந்து ஒரு சோகக் காதல் நாடகம் போடுகிறார்கள். அரண்மனைப் பெண்கள் சிங்கத்தைப் பார்த்துப் பயந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டு, உள்ளே இருப்பது நம்ம தச்சன்தான், பயப்படாதீர்கள் என்று ஒரு முன்னுரை சேர்க்கிறார்கள். நெசவாளி பாட்டமுக்கு எல்லா வேடமும் தானே போட ஆசை. கதாநாயகன் வேடம் கையில் இருக்கும்போதே கதாநாயகியும் நானே, சிங்கமும் நானே என்கிறான். ஃப்ளூட் என்ற இளைஞன் தாடி முளைக்கிறது, பெண் வேடம் வேண்டாம் என்று சிணுங்குகிறான்.

இங்கிலாந்தில் பெரிய நடிகர்கள் இந்தக் காட்சிகளை நடிக்கும்போது ஒரு சங்கடம் இருக்கும். தொழில் தெரிந்த நடிகர் நடிக்கத் தெரியாதவனாக நடிக்கிறார், மேலே உட்கார்ந்து கீழே பார்த்துச் சிரிப்பது போல ஆகிவிடும். நயா தியேட்டரில் இருந்தவர்கள் நிஜமாகவே கிராமத்தார், நாச்சா கம்பெனிகளில் ஊர் ஊராக ஆடியவர்கள். ஃப்ளூட்டின் புலம்பல் பரி வேடம் கட்டிய எந்தப் பையனும் புலம்பக்கூடியதுதான். எல்லா வேடமும் எனக்கே வேண்டும் என்கிற பாட்டமை நாச்சா குழுவில் தேட வேண்டியதே இல்லை. அரண்மனையில் உட்கார்ந்து இவர்கள் நாடகத்தைப் பார்த்துக் கிண்டலடிக்கும் சீமான்கள்தான் இப்போது அபத்தமாகத் தெரிவார்கள். காதலர்களை வெட்டியதில் கவிதை போய்விட்டது என்று ஆங்கில வாத்தியார்கள் வருத்தப்படலாம், போனது போனதுதான். அந்தக் காதலர்களுக்குத் தரக்கூடிய நடிகர் தன்னிடம் இல்லை, கைத்தொழில்காரர்களுக்கு இவர்களைவிட நல்ல நடிகர் உலகத்திலேயே இல்லை என்று இயக்குநர் முடிவு கட்டிவிட்டார். கதைக்குக் குறுக்கே நிற்பதை வெட்டு என்று பிரிஸ்டலில் சொல்லிக்கொடுத்ததை ஷேக்ஸ்பியர் மேலேயே போட்டுப் பார்த்திருக்கிறார்.

ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியின் 'எதிரிகள்' நாடகத்தையும் இடதுசாரி வீதி நாடகக்காரர் சஃப்தர் ஹஷ்மியின் இந்தி வடிவத்தில் இயக்கியிருக்கிறார். அது அரசியல் தோழமையில் நடந்த காரியம், அவருடைய கையெழுத்து தெரியும் இடமாக எனக்குப் படவில்லை.

கடைசி அந்நிய நாடகம்தான் விசித்திரம். மாண்ட்ரியலில் வாழும் ராகுல் வர்மா, போபால் விஷவாயு பற்றி இங்கிலீஷில் ஒரு நாடகம் எழுதினார். அது கனடாவில் மேடையேறிய கொஞ்ச நாளில் தன்வீர் அதை இந்தியில் ஸஹ்ரீலி ஹவா என்று எடுத்தார். நயா தியேட்டர் அப்போது இருந்ததே போபாலில். செட்சுவானை ஷாஜாப்பூர் ஆக்கியவருக்கு இந்த முறை ஊர்ப்பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. தன் தெருவில் 1984 டிசம்பரில் செத்தவர்களைப் பற்றிய நாடகம் கனடாவிலிருந்து வந்து சேர்ந்தது. அந்த ஊர் சபைக்கு முன்னால் அதைப் போடுவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். அறிவியல் விவாதம், கம்பெனி அதிகாரிகள், ஏர்கண்டிஷன் அறைப் பேச்சு நிறைந்த பிரதி அது. இத்தனை காலம் அவர் ஒதுக்கி வந்த வகை. ஆனாலும் எடுத்தார். எண்பதை எட்டிக்கொண்டிருந்த வயதில் தன் பாணி என்று ஒன்று உருவாகிவிட்ட பிறகும் அதற்கு ஒத்துவராத நாடகத்தைத் தொடுகிற துணிச்சல் அவருக்கு இருந்தது.

அவர் மேல் ஒரு குற்றச்சாட்டு கடைசிவரை இருந்தது: கிராமத்துக் கலைஞர்களை வைத்து நகரத்தில் பெயர் வாங்கிக்கொண்டார் என்று. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது அவர் பெயர்தான். ராஜ்யசபா, பத்மபூஷண் எல்லாம் அவருக்குத்தான் வந்தன. இன்னொரு பக்கம், அந்த நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஒரு குழுவை ஐம்பது வருடம் ஓட்டியது நம் நாட்டில் எத்தனை பேரால் முடிந்தது? போங்கா பண்டிட் என்ற சாதி எதிர்ப்பு நாச்சா நாடகத்துக்காக 1992க்குப் பிறகும், மறுபடி 2003இலும் ரகளை செய்து நிறுத்தப் பார்த்தபோது முன்னால் வந்து நின்றதும் அவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தன்வீர் 2009 ஜூன் 8இல் போபாலில் இறந்தார். சரண்தாஸாகப் பல வருடம் மேடை ஏறிய கோவிந்த்ராம் நிர்மல்கருக்கு அதே வருடம்தான் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எடின்பரோ பரிசு வந்து அதற்குள் இருபத்தேழு வருடம் ஆகியிருந்தது.